வாழ்நாள் ஆயில்னா யாரோட வாழ்நாள்?

போன ரெண்டு எபிசோடா ஏர் சஸ்பென்ஷன் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல சஸ்பென்ஷன் பத்தியே இல்லை. "அண்ணா, பழைய பென்ஸ் ஒண்ணு மலிவா வருது, கியர்பாக்ஸ் தாங்குமா?" இதுதான் கேள்வி. அதனால இன்னிக்கு முழு எபிசோடும் கியர்பாக்ஸ்தான். புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி: நான் கோயம்புத்தூர்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பாக்குற ஆள். இருபத்திரண்டு வருஷமா இதே தொழில்.

முதல்ல ஒரு விஷயம். பதினஞ்சு, இருபது வருஷப் பழைய சி-கிளாஸோ இ-கிளாஸோ இன்னிக்கு ஒரு சின்னக் காரோட விலைக்குக் கிடைக்குது. ஆனா குறைஞ்சது கார் விலைதான். உள்ள இருக்கிற கியர்பாக்ஸ் இன்னமும் பெரிய கார் கியர்பாக்ஸ்தான். அதோட பார்ட்ஸ் விலையும் ஆயில் விலையும் காரோட சேர்ந்து வயசாகிக் குறையாது. மாசம் ஒரு தொகை ஒதுக்கிவச்சு, ஆசைப்பட்டு இந்தக் காரை வாங்குறவர் மாட்டிக்கிற இடம் இதுதான். முதல் ஓனர் புதுசா ஓட்டிட்டு வித்துட்டார். ரெண்டாவது ஓனர் பேருக்கு சர்வீஸ் பண்ணிட்டு வித்துட்டார். ரெண்டு பேரும் செய்யாம விட்டதுக்கெல்லாம் பில் கட்டுறவர் மூணாவது ஓனர். இன்னிக்குப் பேச்சு அவருக்காகத்தான்.

எல்லா பாக்ஸையும் ஒரே எபிசோடுல பேச முடியாது. ஒண்ணை எடுத்துக்குவோம். மெர்சிடிஸ் பென்ஸோட 722.6. அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக். 1996ல் வந்தது. டபிள்யூ 210, டபிள்யூ 211 இ-கிளாஸ், டபிள்யூ 203 சி-கிளாஸ், டபிள்யூ 220 எஸ்-கிளாஸ்னு அந்தக் காலத்து பென்ஸ் பலதுலயும் இதுதான். கிரைஸ்லர், ஜீப் வண்டிகள்லகூட இதைப் போட்டிருக்காங்க. 2003க்கு அப்புறம் ஏழு கியர் பாக்ஸ் வந்து கொஞ்சம் கொஞ்சமா இதோட இடத்தைப் பிடிச்சது. அதனால நீங்க பாக்கப்போற வண்டியில எது இருக்குன்னு முதல்ல சேஸிஸ் நம்பரை வச்சு உறுதிப்படுத்திக்குங்க. மாடல் வருஷத்தை மட்டும் நம்பாதீங்க.

இந்த 722.6 நல்ல பாக்ஸா? நான் கழட்டிப் பாத்ததுல, ரொம்ப நல்ல பாக்ஸ். கியர், ஷாப்ட், கிளட்ச் எல்லாம் கெட்டி. இது சாகுறது பெரும்பாலும் கியர் தேஞ்சு இல்லை. ஆயில் கெட்டு, தண்ணி கலந்து, இல்லைன்னா ஒரு பிளாஸ்டிக் தட்டு பழுதாகி. இந்த மூணையும் புரிஞ்சுக்கிட்டா போதும். "கியர்பாக்ஸ் போச்சு"ன்னு யாராவது சொன்னா, "எது போச்சு?"ன்னு திருப்பிக் கேக்குற தைரியம் உங்களுக்கு வந்துடும்.

ஆயில்

இந்த பாக்ஸ் வந்தப்போ, இதுல ஊத்தின ஆயில் வாழ்நாள் முழுக்கப் போதும்னு சொன்னாங்க. ஆயில் அளவு பாக்குற குச்சியே வண்டியில வைக்கலை. என்ஜினுக்குப் பின்னாடி ஒரு குழாய் வரும். அதோட வாயில ஒரு மூடி, மூடியில ஒரு பிளாஸ்டிக் பூட்டு. திறந்தா பூட்டு உடையும். அதாவது, ஓனர் கை வைக்க வேண்டாம்னு அர்த்தம். பிற்பாடு கம்பெனி தரப்புலயே 60,000 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தணும்னு சர்வீஸ் அட்டவணையில கொண்டுவந்தாங்க. ஆனா "இதுக்கு ஆயில் மாத்தவே வேண்டாம்"ங்கிற பேச்சு மட்டும் இன்னும் ஊர்ல சுத்திக்கிட்டே இருக்கு. நான் எல்லார்கிட்டயும் கேக்குறது ஒண்ணுதான்: வாழ்நாள் ஆயில்னா யாரோட வாழ்நாள்? முதல் ஓனர் வண்டி வச்சிருக்கிற அஞ்சு வருஷமா, இல்லை உங்க கைக்கு வந்த பதினெட்டாவது வருஷமா?

ஆட்டோமேட்டிக் பாக்ஸ்ல ஆயில் வழவழப்புக்கு மட்டும் இல்லீங்க. கிளட்சை அழுத்திப் பிடிக்கிறது அந்த ஆயில் பிரஷர்தான். என்ஜின் சக்தியை டார்க் கன்வர்ட்டர் வழியா கடத்துறதும் அதுதான். சூட்டை வெளியே கொண்டுபோறதும் அதுதான். ஒரே ஆயில், நாலு வேலை. நம்ம ஊர் வெயில்ல, காந்திபுரம் சிக்னல்லயும் கிண்டி பாலத்துக்குக் கீழயும் நின்னு நின்னு போற வண்டியில அந்த ஆயில் படுற பாடு வேற. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டியில பேனைக் கழட்டினா ஆயில் டிகாக்ஷன் மாதிரி கறுப்பா வரும். தீஞ்ச வாடையும் அடிக்கும்.

எந்த ஆயில்? சிவப்பா இருக்கிறதெல்லாம் ஒண்ணு இல்லை. டப்பாவோட பின்பக்கம் 236.14ங்கிற பென்ஸ் அனுமதி எண் இருக்கான்னு பாருங்க. இந்த பாக்ஸ்ல லாக்-அப் கிளட்ச் முழுசா கட்டிப் பிடிக்காது, ரொம்ப மெல்லிசா வழுக்கிக்கிட்டே ஓடுற மாதிரி வடிவமைச்சிருக்காங்க. அதுக்குன்னு பண்ணின ஆயில் இல்லாம பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துறதை ஊத்தினா நடுங்க ஆரம்பிச்சிடும். பேனைக் கழட்டி வடிச்சா நாலு லிட்டர்கிட்டதான் வரும். மொத்தம் பாக்ஸைப் பொறுத்து ஏழரையிலிருந்து ஒன்பது லிட்டர் வரை. மீதி கன்வர்ட்டருக்குள்ள நிக்குது. பழைய வருஷ வண்டிகள்ல கன்வர்ட்டருக்கே ஒரு வடிகால் போல்ட் இருக்கும். அதையும் திறந்து வடிக்கணும். பின்னாடி வந்ததுல அந்த போல்ட் இல்லை. அப்படின்னா ஆயிரம் கிலோமீட்டர் விட்டு ரெண்டாவது தடவை பேனை வடிச்சு மாத்துறது என் வழக்கம்.

"ஆயில் மாத்தினா பாக்ஸ் போயிடும்"னு ஒரு பயம் இருக்கு. என்ன நடக்குதுன்னா, வண்டி வழுக்க ஆரம்பிச்ச பிறகுதான் ஆளுங்க ஆயில் மாத்தக் கொண்டு வர்றாங்க. அதுக்குள்ள கிளட்ச் தேஞ்சிருக்கும். மாத்தின ரெண்டு மாசத்துல நிக்கும். பழி புது ஆயில் மேல விழும். நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்துங்க. அந்தப் பயத்துக்கு வேலையே இருக்காது.

அளவு பாக்குறதுலதான் நிறைய இடத்துல கோட்டை விடுறாங்க. ஆயில் 80 டிகிரி சூட்டுல, என்ஜின் ஓடும்போது, லீவர் பி-யில, வண்டி சமதரையில நிக்கணும். அப்போ அந்த நீளக் குச்சியை விட்டுப் பாக்கணும். இதுல ஒரு வினோதம் இருக்கு. ஆயில் சூட்டைக் காட்டுற சென்சாரும், லீவர் பி, என் நிலையில இருக்குன்னு சொல்ற ஸ்விட்சும் ஒரே வயர்ல அடுத்தடுத்து இருக்கு. அதனால பி, என்-ல இருக்கும்போது ஆயில் சூடு ஸ்கேனருக்குத் தெரியாது. அங்க காட்டுறது என்ஜின் தண்ணியோட சூட்டைத்தான். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு டி அல்லது ஆர் போட்டு உண்மையான சூட்டைப் பாத்துட்டு, அப்புறம் பி-க்கு வந்து அளக்கணும். இது தெரியாம அளந்தா ஆயில் கூடவோ குறையவோ போயிடும். குறைஞ்சா பம்ப் காத்தை உறிஞ்சும், கிளட்ச் எரியும். கூடினா நுரைக்கும். ரெண்டும் கெடுதிதான்.

ரெண்டாவது கியர்லயே நிக்குது

இப்போ நடந்த ஒண்ணைச் சொல்றேன். ஈரோட்டுக்காரர் ஒருத்தர். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுறதுக்குன்னே வெள்ளை இ-கிளாஸ் டீசல், 2005 மாடல், கடன் வாங்கி வாங்கியிருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் வேணும்னு கேக்குற கூட்டம் இருக்குங்க. ஆவணி மாச முகூர்த்தத்துக்கு ஏழு புக்கிங், அட்வான்ஸும் வாங்கியாச்சு. அப்போ வண்டி இருபது நிமிஷம் ஓடினதும் கியர் மாறாம அப்படியே நிக்க ஆரம்பிச்சுது. அணைச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினா ரெண்டாவது கியர்லயே போகும், மேல ஏறாது. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டியிருக்கார். "பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்தணும், மூணேகால் லட்சம்"னு சொல்லிட்டாங்க. வண்டியையே அவர் அதைவிடக் கொஞ்சம்தான் கூடக் கொடுத்து வாங்கியிருந்தார்.

ரெண்டாவது கியர்லயே நிக்கிறதுக்குப் பேரு லிம்ப் மோடு. அது பாக்ஸ் செத்ததுக்கு அடையாளம் இல்லை. பாக்ஸ் தன்னைக் காப்பாத்திக்கிறதுக்கு அடையாளம். கன்ட்ரோல் யூனிட்டுக்கு வர்ற தகவல் எதுலயோ சந்தேகம் வந்துட்டா, அது கியர் மாத்துறதை நிறுத்திடும். வீடு போய்ச் சேர ரெண்டாவது கியரும் ரிவர்ஸும் மட்டும் கொடுக்கும். அப்போ நாம கேக்க வேண்டியது, "அதுக்கு என்ன சந்தேகம்?" அதைச் சொல்றது ஸ்கேனர். சாதாரண ஸ்கேனர் போதாது, கியர்பாக்ஸ் யூனிட்டுக்குள்ள போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேணும்.

அவர் வண்டியில வந்தது ஸ்பீடு சென்சார் பழுது. இந்த பாக்ஸுக்குள்ள வால்வ் பாடி மேல ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கு. கண்டக்டர் பிளேட்னு சொல்லுவோம். ரெண்டு ஸ்பீடு சென்சார், சூடு காட்டுற சென்சார், அந்த பி-என் ஸ்விட்ச் எல்லாம் அதுலயே பதிஞ்சிருக்கும். ஆறு சோலினாய்டுக்கும் கரண்ட் போறதும் அது வழியாத்தான். வருஷக்கணக்கா சூடான ஆயில்ல கிடந்து சென்சார் பலவீனமாயிடும். குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும், சூடானா விட்டுடும். இருபது நிமிஷக் கணக்கு அதுதான்.

அடுத்து பாக்ஸோட வலது பக்கம் இருக்கிற வட்டமான பதிமூணு பின் கனெக்டரைப் பாத்தேன். ஆயில் கசிவு. அந்த இடத்துல ஒரு பிளாஸ்டிக் புஷ், அதுல ரெண்டு ஓ-ரிங். ஓ-ரிங் காஞ்சு போனா ஆயில் கனெக்டருக்குள்ள வரும். அதோட நிக்காது. விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி வயருக்குள்ளயே ஏறி கன்ட்ரோல் யூனிட் வரைக்கும் போயிடும். அங்க போய்ச் சேர்ந்தா செலவு பல மடங்கு. இவர் வண்டியில யூனிட் பக்கம் கழட்டிப் பாத்தப்போ காஞ்சிருந்தது. நல்ல நேரம்.

பேனைக் கழட்டினோம். ஆறு போல்ட்தான். உள்ள இருக்கிற காந்தத்துல சாம்பல் நிறத்துல மை மாதிரி படிவம். அது இயல்பு. இரும்புத் துகளோ, பளபளன்னு சுருளோ, கிளட்ச் பட்டையோட கறுப்புச் செதிலோ இல்லை. அதாவது, இயந்திரம் உயிரோட இருக்கு. புது பிளேட், புது புஷ், பில்டர், கேஸ்கெட், ஆயில். பேன் போல்ட்டை எட்டு நியூட்டன் மீட்டர்ல முடுக்கணும். அது கைமுடுக்கை விடக் கொஞ்சம்தான் கூட. பலத்தைக் காட்டினா அலுமினிய மரை போயிடும். அப்புறம் பழசுக்குக் கத்துக்கிட்டதை எல்லாம் மறக்க வச்சு, ஸ்கேனர்ல அடாப்டேஷன் போட்டு, பெருந்துறை வரைக்கும் மெல்ல ஓட்டிக் கியர் மாத்துறதைப் புதுசாக் கத்துக்க விட்டோம். பில் முப்பத்தெட்டாயிரம். ஏழு கல்யாணமும் ஓடிச்சு.

பணம் கொடுக்கும்போது அவர் கேட்டார், "ஏனுங்க, அவங்க என்னை ஏமாத்தப் பாத்தாங்களா?" இல்லைன்னுதான் சொன்னேன். இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பாக்ஸைத் திறந்து பாக்குற ஆள் இல்லாத ஒர்க்‌ஷாப்புக்கு, முழு பாக்ஸை மாத்துறதுதான் தைரியமா உத்தரவாதம் கொடுக்கக்கூடிய ஒரே வேலை. அவங்க சொன்னது அவங்களால முடிஞ்ச வைத்தியம். ஆனா அது உங்க வண்டிக்குத் தேவையான வைத்தியம்தானான்னு பாக்க வேண்டியது நீங்க. ஆபரேஷன்னு சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுறோம் இல்லையா? அதே மாதிரி மூணு லட்சம்னு சொன்னா ரெண்டாவது இடத்துல ஒரு தடவை காட்டுங்க. அதுக்கு முன்னாடி மூணு கேள்வி: என்ன கோடு வந்தது? ஆயில் என்ன நிறம்? பேன்ல என்ன இருந்தது? இந்த மூணுக்கும் பதில் இல்லாம பாக்ஸ் போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது.

தண்ணி

எல்லாக் கதையும் அப்படி முடியாது. அதையும் சொல்லணும்.

சென்னையிலிருந்து ஒரு சி-கிளாஸ், 2004 மாடல். லாரியில ஏத்தி அனுப்பியிருந்தாங்க. வண்டி அவரோட அப்பா வாங்கினது. அப்பா தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா அந்த வண்டியில மட்டும்தான் கோயிலுக்குப் போவாங்களாம். கம்ப்ளைன்ட் என்னன்னா, அறுபது கிலோமீட்டர் வேகத்துல லேசா மிதிச்சுப் போகும்போது, ரோட்டுல வேகத்தைக் குறைக்கப் போட்டிருக்கிற வெள்ளைக் கோடுகள் மேல போற மாதிரி ஒரு நடுக்கம். ரெண்டு மாசமா அப்படியே ஓட்டியிருக்காங்க.

பேனைக் கழட்டினேன். ஆயில் ரோஸ்மில்க் நிறத்துல வந்தது. அதைப் பாத்ததும் மத்ததைப் பாக்கவே மனசு வரலை.

என்ன ஆச்சுன்னா, பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் ரேடியேட்டருக்குள்ளயே இருக்கு. ஒரு பக்கம் கூலன்ட், ஒரு பக்கம் ஆயில். நடுவுல மெல்லிசு உலோகம். வயசாகி அது உள்ளுக்குள்ள விட்டுடுச்சுன்னா, வெளியே ஒரு சொட்டு ஒழுகாம ரெண்டும் கலந்துடும். கூலன்ட்ல கிளைகால்னு ஒரு பொருள் இருக்கு. கிளட்ச் பட்டைங்கிறது காகிதம் மாதிரி ஒரு பொருளை இரும்புத் தட்டுல பசை போட்டு ஒட்டினது. தண்ணியும் கிளைகாலும் சேர்ந்து அந்தப் பசையை விட வச்சிடும். முதல்ல அடி வாங்குறது கன்வர்ட்டருக்குள்ள இருக்கிற லாக்-அப் கிளட்ச். அதுதான் அந்த நடுக்கம். ஆரம்பத்துலயே பிடிச்சா ரேடியேட்டரை மாத்தி, ஆயிலை ரெண்டு மூணு தடவை மாத்திக் காப்பாத்த வாய்ப்பு இருக்கு. ரெண்டு மாசம் ஓட்டின பிறகு இல்லை.

அவரை உக்கார வச்சு ஒரு தாள்ல எழுதிக் காட்டினேன். ரேடியேட்டர், கன்வர்ட்டர், கிளட்ச் செட் முழுசும், வால்வ் பாடி கிளீனிங், ஆயில், கூலி. கீழ கூட்டுத்தொகை. அதுக்குப் பக்கத்துல அந்த வண்டியோட இன்னிக்கு சந்தை விலை. கூட்டுத்தொகைதான் பெருசு. "என் கணக்குப்படி வேண்டாம். ஆனா இது உங்க அப்பா கார், அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. எவ்வளவு ஆகும்னு சொல்றது என் வேலை. முடிவு உங்களோடது"ன்னேன். பத்து நாள் கழிச்சு போன் பண்ணினார். அம்மாகிட்டயே கேட்டுட்டாராம். "வண்டி போனாப் போகட்டும், நீ கடன் வாங்காதே"ன்னு சொல்லிட்டாங்களாம். வண்டி புதுப்பேட்டைக்குப் போச்சு. ஒரு ரேடியேட்டரைக் காலத்துல மாத்தியிருந்தா ஓடிக்கிட்டிருந்திருக்கும்.

அதனால பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆன வண்டி வாங்கினா, பழைய ரேடியேட்டராவே இருந்தா, ஒழுகுதான்னு பாக்காம முதல் செலவா அதை மாத்துங்க. முடியலைன்னா பாக்ஸ் ஆயிலுக்குத் தனிக் கூலர் போடுங்க.

தண்ணி வர்ற இன்னொரு வழி வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில மூழ்கின எத்தனையோ கார் ஏலத்துல போய், கழுவி, வாசனை அடிச்சு, வேற ஊர்ல விக்கப்பட்டிருக்கு. பாக்ஸுக்கு மூச்சு விட ஒரு துளை இருக்கு. தண்ணி அது வழியா உள்ள போகும். வாங்குறதுக்கு முன்னாடி கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க, சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. கடைசியில சேறு படிஞ்சிருந்தா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

பாக்குற வரிசை

கடைசியா, செலவு குறைஞ்சதிலிருந்து கூடுதல் வரைக்கும் ஒரு வரிசை சொல்றேன். எழுதி வச்சுக்குங்க.

பேட்டரி முதல்ல. வோல்டேஜ் இறங்கினாலே யூனிட் கண்டபடி கோடு போடும். லீவர் பி-யிலிருந்து நகரலையா? பிரேக் லைட் எரியுதான்னு பாருங்க, சின்ன ஸ்விட்சா இருக்கலாம். கியர் போட்டதும் "டொக்"னு அடிக்குதா? பாக்ஸ் மவுன்டையும், கார்டன் ஷாப்ட்ல இருக்கிற ரப்பர் கப்ளிங்கையும் பாருங்க. ரப்பர் வெடிச்சிருந்தா பாக்ஸ் மேல பழி போடக் கூடாது. அப்புறம் ஆயில் அளவு, நிறம், வாடை. அப்புறம் கனெக்டர். அப்புறம் ஸ்கேனர் சொல்ற கோடு. அப்புறம் பேன். அதுக்கும் அப்புறம்தான் கண்டக்டர் பிளேட், வால்வ் பாடி, கன்வர்ட்டர். பாக்ஸை இறக்குறது கடைசி.

வாங்கப் போறீங்கன்னா குளிர்ந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. குறைஞ்சது நாப்பது நிமிஷம் ஓட்டுங்க. முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா ஏதோ ஒண்ணை மறைக்கிறாங்கன்னு ஒரு சந்தேகம் வச்சுக்குங்க. அறுபதுல லேசா மிதிச்சு நடுக்கம் இருக்கான்னு பாருங்க.

வழியில நின்னுட்டா கயிறு கட்டி இழுக்காதீங்க. பின் சக்கரம் தரையில உருண்டா பாக்ஸுக்குள்ள பாகங்கள் சுத்தும். ஆனா என்ஜின் ஓடாததால பம்ப் ஓடாது, ஆயில் போகாது. நல்லா இருந்த பாக்ஸும் அந்த இழுவையில போயிடும். லாரியில ஏத்துங்க.

இந்த வண்டிகளை வாங்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆசைப்படுங்க, வாங்குங்க. ஆனா வண்டி விலையோட கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் ரேடியேட்டருக்கும் உண்டான பணத்தைச் சேர்த்து எண்ணி வச்சுட்டு வாங்குங்க. அதையும் சேர்த்தாத்தான் அது வண்டி விலை.

அடுத்த எபிசோடு ஏழு கியர் 722.9 பத்தி. அது வேற மாதிரி ஆள். கேள்வி அனுப்புறவங்க மாடல், வருஷம், ஓடின கிலோமீட்டர், வந்த கோடு நாலையும் சேர்த்து அனுப்புங்க. "கியர் சரியில்லை"ன்னு மட்டும் எழுதினா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. பாத்து ஓட்டுங்க.